வெளியேறுவதா, உள்ளே இருப்பதா? ஆபத்தான பொருள் கசியும்போது எடுக்க வேண்டிய முடிவு

பத்தாம் வகுப்பு அறிவியலில் அணுக்கரு இயற்பியல் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடமிருந்து ஒரே கேள்வி வருகிறது. “ஆராய்ச்சி நிலையத்துல ஏதாவது கசிஞ்சா என்ன சார் பண்ணுவாங்க? எல்லாரையும் ஊரைவிட்டு அனுப்பிடுவாங்களா?” வேதியியல் பாடத்தில் அம்மோனியா, குளோரின் பற்றிப் பேசும்போதும் இதே கேள்வி வேறு வடிவில் எழுகிறது. “அனுப்பிவிடுவார்கள்” என்று ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். ஆனால் அந்தப் பதில் பாதிதான் சரி. சில நேரங்களில் ஊரைவிட்டு ஓடுவதே பெரிய ஆபத்து. வேறு சில நேரங்களில் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது ஆபத்து. எப்போது எது சரி என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதை நம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதோடு நாமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பகல் நேரத்தில் விபத்து நடந்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் பெற்றோரிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறார்கள். அரசு அலுவலர்களிடமிருந்து முறையான அறிவிப்பு வருவதற்கு முந்தைய சில நிமிடங்களில் அவர்களை எங்கே வைத்திருப்பது என்ற முடிவு நம் கையில்தான் இருக்கும்.

டோக்காய் கிராமத்தில் நடந்தது

இந்த முடிவின் எல்லாச் சிக்கல்களையும் ஒரே நாளில் காட்டிய நிகழ்வு ஒன்று உண்டு. ஜப்பானின் இபராக்கி மாகாணத்தில் உள்ள டோக்காய் கிராமம் அந்நாட்டு அணு ஆராய்ச்சியின் தொட்டில். ஜப்பானின் முதல் அணு உலை 1957இல் அங்குதான் இயங்கத் தொடங்கியது. அணு ஆராய்ச்சி நிறுவனம், எரிபொருள் மறுசுழற்சி ஆலை, மின் உலை எல்லாம் அந்த ஒரே ஊரில் இருந்தன. அங்கே ஜேசிஓ என்ற நிறுவனத்தின் சிறிய ஆலை ஒன்றும் இருந்தது. ஜோயோ என்னும் சோதனை வேக ஈனுலைக்குத் தேவையான யுரேனியக் கரைசலை அது அவ்வப்போது தயாரித்துக் கொடுத்தது.

1999 செப்டம்பர் 30 காலை. மூன்று தொழிலாளர்கள் 18.8 சதவீதம் செறிவூட்டப்பட்ட யுரேனியக் கரைசலை எஃகு வாளியால் ஒரு வீழ்படிவுத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். விதிப்படி ஒரு தடவைக்கு 2.4 கிலோ யுரேனியம்தான் அனுமதி. தொட்டிக்குள் போனதோ ஏறத்தாழ 16.6 கிலோ. காலை 10.35 மணிக்கு அது மாறுநிலையை எட்டியது. அதாவது, உலையே இல்லாத ஒரு சாதாரணத் தொட்டிக்குள் அணுக்கருப் பிளவுத் தொடர்வினை தானாகத் தொடங்கிவிட்டது. கதிர்வீச்சு எச்சரிக்கை மணி ஒலித்தது. அந்த மூவரில் இருவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்கள்.

ஆலைக்குள் நடந்தது இது. வெளியே, வேலிக்கு அப்பால், வீடுகள் இருந்தன. அங்கே எடுக்கப்பட்ட முடிவுகளைக் கடிகாரத்தோடு பார்ப்போம்.

காலை 11.34: கிராம அலுவலகத்துக்கு முதல் தகவல் வருகிறது.

பகல் 12.30: ஒலிபெருக்கி மூலம் “வீட்டுக்குள்ளேயே இருங்கள்” என்று கிராம நிர்வாகம் அறிவிக்கிறது.

பிற்பகல் 3.00: ஆலையைச் சுற்றி 350 மீட்டருக்குள் வசிப்பவர்கள் வெளியேற வேண்டும் என்று கிராமத் தலைவர் தட்சுயா முராக்காமி முடிவெடுக்கிறார். 39 குடும்பங்களைச் சேர்ந்த 161 பேர் வெளியேற்றப்படுகிறார்கள். மாகாண அரசோ மத்திய அரசோ சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

இரவு 10.30: பத்து கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள சுமார் 3,10,000 பேர் வீட்டுக்குள்ளேயே இருக்குமாறு மாகாண அரசு அறிவுறுத்துகிறது.

மறுநாள் அதிகாலை: தொட்டியைச் சுற்றியிருந்த குளிர்விப்பு நீரை வடித்துவிடுகிறார்கள். அந்த நீர்தான் நியூட்ரான்களை மீண்டும் தொட்டிக்குள் திருப்பி அனுப்பித் தொடர்வினையை உயிரோடு வைத்திருந்தது. காலை ஆறேகால் மணியளவில் தொடர்வினை நின்றது. பிறகு அது மறுபடி தொடங்காதபடி போரிக் அமிலக் கரைசல் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 20 மணி நேரம் அது தொடர்ந்திருந்தது.

மறுநாள் மாலை 4.30 மணியளவில் வீட்டுக்குள் இருக்கும் அறிவுரை விலக்கிக்கொள்ளப்பட்டது. வெளியேற்றப்பட்ட 161 பேரும் அக்டோபர் 2 மாலைதான் வீடு திரும்பினார்கள்.

ஒரே விபத்தில் இரண்டு முடிவுகள்

ஒரே விபத்து. அருகில் இருந்தவர்களுக்கு “வெளியேறுங்கள்” என்றார்கள். தொலைவில் இருந்தவர்களுக்கு “உள்ளே இருங்கள்” என்றார்கள். ஏன் இந்த வேறுபாடு?

350 மீட்டருக்குள் இருந்தவர்களின் ஆபத்து காற்றில் மிதந்து வரவில்லை. தொட்டியிலிருந்து காமா கதிர்களும் நியூட்ரான்களும் நேராகப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தன. சாதாரண வீட்டுச் சுவர் அவற்றைப் பெரிதாகத் தடுப்பதில்லை. கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்தினாலும் பயனில்லை. இத்தகைய ஆபத்துக்கு ஒரே மருந்து தொலைவு. கதிர்வீச்சின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று நாம் பாடம் நடத்துகிறோம் அல்லவா? 100 மீட்டரில் இருப்பவர் 350 மீட்டருக்குப் போனால் தொலைவு மூன்றரை மடங்கு. 3.5ஐ 3.5ஆல் பெருக்கினால் 12.25. அவர் பெறும் அளவு பன்னிரண்டில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இடையிலுள்ள காற்றும் உறிஞ்சுவதால் உண்மையில் இன்னும் குறையும்.

பத்து கிலோமீட்டரில் இருந்தவர்களின் நிலை வேறு. அவ்வளவு தொலைவுக்கு அந்த நேரடிக் கதிர்கள் வந்து சேராது. அங்கே கவலை, பிளவின்போது உண்டாகும் கதிரியக்க வாயுக்கள் ஆலையிலிருந்து காற்றில் கசிந்து வருமோ என்பதுதான். அதற்கு வீட்டுச் சுவரும் சாத்திய ஜன்னலும் ஓரளவு பாதுகாப்பு. மேலும், மூன்று லட்சம் பேரை இரவில் சாலையில் இறக்கிவிடுவது புதிய ஆபத்துகளை உண்டாக்கும். பின்னர் அளந்து பார்த்தபோது காற்றில் கலந்தது மிகச் சிறிய அளவே என்று தெரிந்தது.

ஆக, “எந்த வழியாக ஆபத்து நம்மிடம் வருகிறது?” என்பதே முதல் கேள்வி. விபத்தின் பெயரைக் கேட்டதும் முடிவெடுப்பவர் தவறு செய்வார். ஆபத்து வரும் வழியைக் கேட்பவர் சரியான திசையில் யோசிப்பார்.

முராக்காமியின் முடிவில் இன்னொரு பாடமும் உண்டு. அவர் முடிவெடுத்தபோது எல்லா எண்களும் கையில் இல்லை. ஆலை எல்லையில் அளக்கப்பட்ட காமா அளவு அதிகபட்சமாக மணிக்கு 0.84 மில்லிசீவர்ட் இருந்தது. பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட். அந்த இடத்தில் நிற்பவர் 71 நிமிடத்தில் ஓர் ஆண்டுக்கான அளவைப் பெற்றுவிடுவார். நியூட்ரான் அளவு மாலையில்தான் அளக்கப்பட்டது. அந்த அளவீடும் வரட்டும் என்று அவர் காத்திருந்தால் அருகிலிருந்தவர்கள் இன்னும் சில மணி நேரம் அங்கேயே இருந்திருப்பார்கள். இந்த விபத்துக்குப் பிறகு, அதே ஆண்டு டிசம்பரில், அணு அவசரநிலைக்கென ஜப்பான் தனிச் சட்டம் இயற்றியது. யார், எப்போது, யாருக்குச் சொல்வது என்ற குழப்பத்தைத் தீர்ப்பதே அதன் முக்கிய நோக்கம்.

முடிவெடுக்க உதவும் ஐந்து கேள்விகள்

ஆராய்ச்சி நிலையம் ஆனாலும், வேதித் தொழிற்சாலை ஆனாலும், நம் ஊர் ஐஸ் கம்பெனி ஆனாலும் அவசரநிலைத் திட்டம் வகுப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான்.

முதலாவது, பொருள் என்ன? அது வாயுவா, தூசியா, நேரடிக் கதிரா? காற்றைவிடக் கனமானதா? இதை மாணவர்களே கணக்கிடலாம். காற்றின் சராசரி மூலக்கூறு நிறை சுமார் 29. குளோரினுடையது 71. எனவே அது காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம், தரையோடு தரையாகப் படரும். மாடிக்குப் போவது நல்லது. அம்மோனியாவின் நிறை 17, காற்றைவிட லேசானது. ஆனால் அழுத்தத்தில் திரவமாக வைத்திருந்த அம்மோனியா கசியும்போது மிகவும் குளிர்ந்து பனிமூட்டம்போல் முதலில் தரையில்தான் படரும். லேசான வாயு என்பதால் உடனே மேலே போய்விடும் என்று நம்பக் கூடாது.

இரண்டாவது, கசிவு எவ்வளவு நேரம் நீடிக்கும்? ஒரு சிலிண்டர் காலியாகி முடிந்துவிடும் கசிவுக்கும், மணிக்கணக்கில் தொடரும் கசிவுக்கும் பதில் வேறு.

மூன்றாவது, காற்று எந்தப் பக்கம், எந்த வேகத்தில் வீசுகிறது? நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வீசும் காற்று 1.8 கிலோமீட்டரைப் பத்து நிமிடத்தில் கடந்துவிடும். நமக்குள்ள நேரம் அவ்வளவுதான். இரவில் காற்று அசையாமல் நிலம் குளிர்ந்திருக்கும்போது வாயு கலைந்து மேலே போகாமல் தாழ்வாகத் தங்கும். நல்ல வெயில் நேரத்தில் விரைவாகக் கலைந்துவிடும்.

நான்காவது, வெளியேற எவ்வளவு நேரம் ஆகும்? எத்தனை பேர், அவர்களில் நடக்க முடியாதவர்கள் எத்தனை பேர், வழி எது, வாகனம் உண்டா? வாயு வந்து சேரும் நேரத்தைவிட வெளியேறும் நேரம் அதிகம் என்றால், பாதி வழியில் திறந்தவெளியில் வாயுவுக்குள் மாட்டிக்கொள்வோம்.

ஐந்தாவது, உள்ளே இருந்தால் அந்தக் கட்டடம் எவ்வளவு பாதுகாப்பானது? இதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். கீழே பார்ப்போம்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் இந்த ஐந்து கேள்விகளில் ஒன்றுக்குக்கூட மக்களிடம் பதில் இல்லை. யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் வெளியேறியது. அது காற்றைவிடக் கனமான வாயு. என்ன வாயு என்று சொல்ல ஆளில்லை, எந்தப் பக்கம் போவது என்று சொல்ல ஆளில்லை. பலர் காற்று வீசிய திசையிலேயே, வாயுவோடு சேர்ந்தே ஓடினார்கள். ஓடும்போது மூச்சு வேகமாகிறது, உள்ளே போகும் வாயுவும் கூடுகிறது. உயரம் குறைந்த குழந்தைகள், தரையோடு படர்ந்த அந்த வாயுவை மற்றவர்களைவிட அதிகமாகச் சுவாசித்தார்கள்.

எண்கள் முன்கூட்டியே எழுதப்படுகின்றன

மணி அடித்த பிறகு உட்கார்ந்து கணக்குப் போட முடியாது. அதனால் அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வகங்கள் போன்ற இடங்களில் இந்த வேலையை முன்பே செய்துவைக்கிறார்கள். வளாகத்தில் உள்ள ஒவ்வோர் ஆபத்தான பொருளையும் பட்டியலிட்டு, அது முழுவதும் கசிந்தால் எவ்வளவு தொலைவுக்கு எந்தச் செறிவு போகும் என்று கணக்கிட்டு, எந்த அறிகுறி தெரிந்தால் எந்த நடவடிக்கை என்று எழுதிவைக்கிறார்கள். பணியில் இருப்பவர் அறிகுறியைப் பார்த்து, பட்டியலில் எதிரே உள்ளதைச் செய்ய வேண்டும்.

வேதிப்பொருள்களுக்கு மூன்று படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். முதல் நிலையில் கண் எரிச்சல் போன்ற தற்காலிகத் தொல்லை. இரண்டாம் நிலையில் நீங்காத பாதிப்பு ஏற்படலாம், அல்லது தப்பிச் செல்லும் திறனே குறைந்துபோகலாம். மூன்றாம் நிலையில் உயிருக்கு ஆபத்து. ஒரு மணி நேரம் சுவாசிப்பவருக்கு அமெரிக்காவில் வகுத்துள்ள அளவுகள் இவை. குளோரினுக்குக் காற்றின் பத்து லட்சம் பங்கில் முறையே 0.5, 2, 20 பங்கு. அம்மோனியாவுக்கு 30, 160, 1,100 பங்கு. இரண்டையும் ஒப்பிட்டால் குளோரின் எவ்வளவு கொடியது என்று மாணவர்களுக்கு உடனே விளங்கும்.

பாதுகாப்பு நடவடிக்கைக்கான கோட்டை பெரும்பாலும் இரண்டாம் நிலையில் போடுகிறார்கள். உயிர் போகும் அளவு வரும்வரை காத்திருப்பதில்லை. காரணம் எளிது: கண்ணைத் திறக்க முடியாதவர் வெளியேற முடியாது.

கதிர்வீச்சுக்கும் இப்படி வரம்புகள் உண்டு. முதல் ஏழு நாளில் ஒருவர் 100 மில்லிசீவர்ட் பெறக்கூடும் என்று கணித்தால் அவசரப் பாதுகாப்பு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது பன்னாட்டு அணுசக்தி முகமையின் அளவுகோல். இங்கே ‘கணித்தால்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். பெற்று முடிந்த அளவை வைத்து முடிவெடுத்தால் அது பாதுகாப்பு ஆகாது.

அறைக்குள் எவ்வளவு நேரம் தாங்கும்?

“உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்” என்ற அறிவுரை குளிர்நாடுகளில் எழுதப்பட்ட கையேடுகளில் முதலிடம் பெறுகிறது. அங்கே வீடுகள் குளிருக்காக இறுக்கமாகக் கட்டப்பட்டவை. நம் வகுப்பறைகளோ காற்றோட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. இந்த வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். என் வகுப்பில் கால்குலேட்டருடன் செய்துபார்த்தோம், மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

ஓர் இறுக்கமான அறையில் ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை 5 சதவீதக் காற்று வெளிக்காற்றால் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மிஞ்சும் நல்ல காற்று ஒவ்வொரு தடவையும் 0.95ஆல் பெருக்கப்படும். அரை மணி நேரத்தில் ஐந்து தடவை. 0.95ஐ ஐந்து முறை பெருக்கினால் 0.77. அதாவது, உள்ளே உள்ள நச்சின் செறிவு வெளியில் உள்ளதில் 23 சதவீதம்தான். ஒரு மணி நேரத்தில் 40 சதவீதம். இரண்டு மணி நேரத்தில் 64. நான்கு மணி நேரத்தில் 87.

இப்போது ஜன்னல்கள் சரியாகச் சாத்தாத, வென்டிலேட்டர் திறந்திருக்கும் ஒரு வகுப்பறை. ஆறு நிமிடத்துக்கு ஒரு தடவை பாதிக் காற்று மாறுகிறது என்று கொள்வோம். அரை மணி நேரத்தில் நல்ல காற்று முப்பத்திரண்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். உள்ளே செறிவு 97 சதவீதம். கூரையும் சுவரும் இருக்கின்றன, பாதுகாப்பு இல்லை.

இந்தக் கணக்கிலிருந்து மூன்று முடிவுகள் கிடைக்கின்றன.

ஒன்று, உள்ளே இருப்பது குறுகிய நேரக் கசிவுக்கு நல்ல பாதுகாப்பு. மணிக்கணக்கில் தொடரும் கசிவுக்கு அது போதாது. நேரம் வாங்கிக்கொடுக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் வெளியேற்றத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

இரண்டு, எல்லா அறையும் ஒன்றல்ல. பள்ளியில் திறப்புகள் மிகக் குறைவான அறை எது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஈரத்துணியும் அகலமான டேப்பும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

மூன்று, பலரும் நினைத்துப் பார்க்காதது. வாயு மேகம் கடந்துபோன பிறகு வெளிக்காற்று சுத்தமாகிவிடும். ஆனால் அறைக்குள் புகுந்தது அப்படியே தங்கியிருக்கும். அப்போது உள்ளேதான் செறிவு அதிகம். பயத்தில் கதவைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால், வெளியே நின்றிருந்தால் சுவாசித்திருக்கும் அளவைச் சிறிது சிறிதாக உள்ளேயே சுவாசித்து முடித்துவிடுவோம். ஆகவே ஆபத்து நீங்கியது என்று அறிவிப்பு வந்ததும் எல்லா ஜன்னல்களையும் திறந்து, பிள்ளைகளைத் திறந்தவெளிக்கு அழைத்துவர வேண்டும். “உள்ளே போங்கள்” என்ற அறிவிப்புக்குச் சமமான முக்கியத்துவம் “இப்போது வெளியே வாருங்கள்” என்ற அறிவிப்புக்கும் உண்டு.

முதலில் உள்ளே, பிறகு வெளியே என்ற வரிசைக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் ஹான்ஃபோர்டு வளாகம். 2017 மே 9 அன்று அங்கே கதிரியக்கம் படிந்த பழைய தளவாடங்களை வைத்திருந்த சுரங்கம் ஒன்றின் கூரையில் ஒரு பகுதி இடிந்தது. பணியாளர்கள் கட்டடங்களுக்குள் போகவும், காற்றோட்டக் கருவிகளை நிறுத்தவும், எதையும் உண்ணாமல் பருகாமல் இருக்கவும் உத்தரவு வந்தது. காற்றை அளந்து, கதிரியக்கம் பரவவில்லை என்று உறுதியான பிறகு அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தக் குழியை மண்ணால் மூடினார்கள்.

வெளியேற்றத்துக்கும் விலை உண்டு

எதற்கும் வெளியேற்றிவிடுவது பாதுகாப்பு என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக இருக்கிறது. 2011 மார்ச்சில் ஃபுக்குஷிமா அந்த எண்ணத்தை அசைத்தது. அங்கே சுற்றுவட்டார மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் இருந்த 50க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற்றத்தின்போதோ அதை ஒட்டியோ இறந்தார்கள். அவர்களைக் கொன்றது கதிர்வீச்சு அல்ல. குளிர், நீண்ட பேருந்துப் பயணம், மருந்தும் பராமரிப்பும் நின்றுபோனது ஆகியவைதான். சில மணி நேரம் கட்டடத்துக்குள் வைத்திருந்து, ஆம்புலன்சும் மருத்துவர்களும் வந்த பிறகு மாற்றியிருந்தால் பலர் பிழைத்திருக்கக்கூடும்.

இதை நம் பள்ளிக்குப் பொருத்திப் பாருங்கள். சக்கர நாற்காலியில் வரும் மாணவி, ஆஸ்துமா உள்ள மாணவன், அங்கன்வாடிக் குழந்தைகள். ‘எல்லாரும் ஓடுங்கள்’ என்ற உத்தரவில் இவர்களுக்கு இடமில்லை. இவர்களை மனத்தில் வைத்து எழுதாத திட்டம் எழுதப்படாத திட்டத்துக்குச் சமம்.

கல்பாக்கமும் நாமும்

டோக்காய் தொலைவில் இருந்தாலும் அதன் நிழல் நம் பாடப்புத்தகம்வரை நீள்கிறது. ஜோயோவைப் போலவே ஒரு சோதனை வேக ஈனுலை கல்பாக்கத்தில் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் இருக்கிறது. 1971இல் தொடங்கப்பட்ட அந்த மையத்தின் சோதனை உலை 1985இல் முதன்முறையாக மாறுநிலையை எட்டியது. வளாகத்துக்கு வெளியே எடுக்க வேண்டிய நடவடிக்கைகளுக்கான திட்டம் மாவட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. அவ்வப்போது சுற்றுக் கிராமங்களில் ஒத்திகை நடக்கிறது. அந்தப் பகுதி ஆசிரியர்கள் ஒத்திகையை வேடிக்கையாகப் பார்க்காமல், அதில் தங்கள் பள்ளிக்கு என்ன பங்கு என்று கேட்டு அறிவது நல்லது.

மற்ற மாவட்டத்தினருக்கு இது தேவையில்லை என்று எண்ண வேண்டாம். மீன் பதப்படுத்தும் கூடங்களிலும் ஐஸ் தயாரிக்கும் இடங்களிலும் அம்மோனியா இருக்கிறது. குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் குளோரின் சிலிண்டர்கள் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் டேங்கர் லாரிகள் நாள்முழுதும் போகின்றன. கேள்விகள் அதே ஐந்துதான்.

பள்ளி அளவில் செய்யக்கூடியவை

பெரிய செலவு இல்லாமல், ஒரு வாரத்துக்குள் எந்த அரசுப் பள்ளியிலும் செய்யக்கூடியவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன்.

1. பள்ளியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குள் வேதிப்பொருள் சேமிக்கும் இடங்களை ஒரு வரைபடத்தில் குறியுங்கள். இதை மாணவர் குழுவே செய்யலாம்.

2. காற்றின் திசை தெரிய, மொட்டைமாடியில் ஒரு கம்பில் லேசான துணிப்பட்டையைக் கட்டிவையுங்கள்.

3. உள்ளே இருக்க ஏற்ற அறையைத் தேர்ந்தெடுங்கள். வெளியேறிச் சேரும் இடங்கள் இரண்டு இருக்கட்டும், பள்ளிக்கு எதிரெதிர்த் திசைகளில். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நகர்ந்துதான் வாயுவின் பாதையைவிட்டு விரைவில் விலக முடியும்.

4. மணி அடித்தது முதல் வருகைப்பதிவு சரிபார்த்து முடியும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளங்கள். எட்டு நிமிடம் ஆகிறது என்றால், ஐந்து நிமிடத்தில் வந்துசேரும் வாயுவுக்கு வெளியேற்றம் விடையல்ல என்று உடனே தெரிந்துவிடும்.

5. இரண்டுக்கும் வெவ்வேறு மணியோசை வையுங்கள். தீ விபத்து ஒத்திகையில் பிள்ளைகளுக்கு மைதானத்துக்கு ஓடத்தான் பழக்கியிருக்கிறோம். வாயுக் கசிவில் அதே பழக்கம் அவர்களைத் திறந்தவெளியில் கொண்டுபோய் நிறுத்தும்.

6. பள்ளி ஆய்வகத்தில் புட்டி உடைந்தால் முடிவு தலைகீழ். ஆபத்து அறைக்குள்ளேயே இருக்கிறது. எல்லாரும் உடனே வெளியேறிக் கதவைச் சாத்த வேண்டும். ஆபத்து உள்ளே என்றால் வெளியே, ஆபத்து வெளியே என்றால் முதலில் உள்ளே. அறிவிப்பு வரும்வரை நினைவில் வைக்க இந்த ஒரு வரி போதும்.

7. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, தீயணைப்பு 101, ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112. இந்த எண்கள் தலைமையாசிரியர் அறையில் மட்டுமன்றி எல்லா வகுப்பறைகளிலும் இருக்கட்டும்.

எட்டாவதாக ஒன்று உண்டு. அதுதான் மிகக் கடினம். செய்தி பரவியதும் பெற்றோர் பள்ளி வாசலுக்கு ஓடிவருவார்கள். “எம்புள்ளைய அனுப்புங்க சார்” என்று கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாயிடம் என்ன சொல்வது? அந்த நேரத்தில் அறிவியல் விளக்கம் எடுபடாது. கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆபத்து. திறக்காவிட்டால் ஊரே நம்மைத் தூற்றும். இதற்கு விடை அன்று வாசலில் கிடைக்காது. முன்பே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி முடிக்க வேண்டும். “இப்படி ஒன்று நடந்தால் பிள்ளைகளை இந்த அறையில் வைத்திருப்போம். நீங்கள் வந்தால் உங்களையும் பக்கத்து வாசல் வழியாக உள்ளே அழைத்துக்கொள்வோம். ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்த பிறகுதான் அனுப்புவோம்” என்று சொல்லி, அவர்கள் கேள்விகளைக் கேட்டு, தீர்மானமாக எழுதிக்கொள்ள வேண்டும். தன் பிள்ளை எங்கே, யாருடன் இருக்கிறது என்று தெரிந்த தாய் அவ்வளவு பதற மாட்டார்.

வகுப்பறைச் செயல்பாடு

ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு ஒரு பாடவேளை போதும். வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சூழ்நிலை கொடுங்கள். முதல் குழுவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் குளோரின் சிலிண்டர் கசிவு, காற்று பள்ளியை நோக்கி நொடிக்கு 2 மீட்டர். இரண்டாம் குழுவுக்கு அதே கசிவு, காற்று எதிர்த்திசையில். மூன்றாம் குழுவுக்கு 200 மீட்டரில் நேரடிக் காமா கதிர் மூலம். நான்காம் குழுவுக்குப் பள்ளி ஆய்வகத்தில் அம்மோனியாப் புட்டி உடைந்தது.

ஐந்து கேள்விகளுக்கும் பதில் எழுதி, தங்கள் முடிவையும் அதற்கான காரணத்தையும் அவர்கள் சொல்லட்டும். வாயு வந்துசேரும் நேரம், எதிர்விகித இருமடிக் கணக்கு, மூலக்கூறு நிறை ஒப்பீடு எல்லாம் பாடத்தில் உள்ளவைதான். முதல் குழுவுக்குப் பன்னிரண்டரை நிமிடம் இருக்கிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அது போதுமா, போதாதா என்ற வாக்குவாதம் எழும். எழட்டும். மதிப்பிடும்போது முடிவைவிடக் காரணத்துக்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். நான்கு குழுக்களும் நான்கு வெவ்வேறு பதில்களோடு கரும்பலகை முன் நிற்கும்போது, ‘கசிந்தால் ஓடு’ என்பது எல்லாவற்றுக்கும் பொருந்தாது என்று நாம் சொல்லாமலே வகுப்புக்கு விளங்கிவிடும்.

செயல்பாடு முடிந்ததும், நம் பள்ளியில் உள்ளே இருக்க ஏற்ற அறை எது என்று மாணவர்களையே தேடச் சொல்லுங்கள். அவர்கள் ஜன்னல்களை எண்ணி, கொக்கிகளைச் சோதித்து, ஓர் அறையைத் தேர்ந்தெடுத்துக் கொண்டுவருவார்கள். அந்த அறையின் பெயரை அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தின் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடலாம்.